கோடு... நிழல்... வெளிச்சம்!

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு போஸ்டர் வரைய என் கிளாஸ்மேட் ஒருத்தி ஒத்துக்கிட்டா. 'எந்த ஸ்டைல்ல வேணும்?'னு கேட்டா. நான் கெத்தா, 'கார்ட்டூன் மாதிரி'ன்னேன். வரைஞ்சா. 'இது இல்லப்பா, கொஞ்சம் த்ரீடியா...' மறுபடி வரைஞ்சா. 'அதுவும் இல்ல...' மூணாவது ராத்திரியும் தூக்கம் போனதும் கேட்டா பாருங்க ஒரு கேள்வி: 'உனக்கு என்ன வேணும்னு உனக்காவது தெரியுமா?'

சத்தியமா தெரியலை! அப்புறம் அவகிட்டயே கத்துக்கிட்டதுதான் இது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூணு விஷயத்தை கவனிங்க.

முதல்ல நிழல். முகத்துல வெளிச்சம் மெதுவா மங்காம, கத்தியால வெட்டின மாதிரி சட்டுனு இருட்டா மாறுதா? அது செல் ஷேடிங். அந்தக் காலத்துல செல்லுலாய்டு ஷீட்ல வரைஞ்ச கார்ட்டூனோட லுக்கை த்ரீடி உருவத்துக்குக் கொடுக்கிற டெக்னிக். 2000-ல் வந்த 'ஜெட் செட் ரேடியோ' கேம் இதுக்கு சூப்பர் உதாரணம்.

ரெண்டாவது கோடு. இங்கதான் பலரும் ஏமாறுவாங்க. 2009-ல் வந்த 'பார்டர்லேண்ட்ஸ்' கேம்ல தடியான கறுப்புக் கோட்டைப் பார்த்ததும், 'செல் ஷேடிங்'னு அடிச்சு விடுவோம். ஆனா உடைகள், துப்பாக்கிகள் மேல இருக்கிற கோடுகளை கையால வரைஞ்சு, த்ரீடி மாடல் மேல போர்த்தியிருக்காங்க. காமிக்ஸ் லுக் வந்தது அதனாலதான்!

மூணாவது வெளிச்சம். வெள்ளைச் சுவர் பக்கத்துல சிவப்பு சோபா போட்டா, சுவர்லயும் லேசா சிவப்பு ஏறும். நிஜம் மாதிரி ரெண்டர் பண்ணின படத்துல இது தெரியணும். 1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துல, கலர் சுவர் வெச்ச ஒரு பெட்டியை கம்ப்யூட்டர்ல வரைஞ்சு இதைக் கணக்குப் போட்டாங்க. ரெண்டரிங் சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ண அந்த 'கார்னெல் பாக்ஸ்' இன்னிக்கும் உதவுது.

சரி, ஒரே படத்துல ரெண்டு ஸ்டைல் கலந்திருந்தா? 2018-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டூ தி ஸ்பைடர் வெர்ஸ்' பாருங்க. உருவம் த்ரீடி, ஆனா மேல காமிக்ஸ் புத்தக அச்சுல வர்ற புள்ளிகள்! 2021-ல் வந்த 'ஆர்க்கேன்' தொடர்லயும் த்ரீடி உருவங்கள் மேல பெயின்ட்டிங் மாதிரி தூரிகைத் தடம் தெரியும். அந்த மாதிரி படத்துக்கு ஒரே பேர் தேடி அலையாதீங்க. பார்த்ததை பார்த்தபடி சொன்னாலே போதும்.

நாலாவது தடவை நான் அப்படித்தான் சொன்னேன்: 'மெல்லிசு கோடு, வெட்டின மாதிரி நிழல், பின்னாடி மட்டும் வாட்டர்கலர்.' ஒரே ராத்திரில போஸ்டர் ரெடி! ஓரத்துல அவ பேரையும் போடச் சொன்னேன். மூணு ராத்திரி கடன் இருக்கே பாஸ்!

அடுத்த தடவை வரையுற ஃப்ரெண்டுகிட்ட 'சூப்பரா ஏதாவது பண்ணு'னு சொல்லிட்டு நீங்க தூங்கப் போயிடாதீங்க. பாவம், அவங்களும் தூங்கணும்ல!