ஜாய்ஸ்டிக் பட்டன் அமுங்கலையா? தூக்கிப் போடாதீங்க!

முழுப் பரீட்சை லீவு விட்டதும் பரணிலிருந்து கீழே இறங்கும் சாமான்களில் பழைய டி.வி. கேம் பெட்டியும் ஒன்று. 1990-களில் பள்ளிக்கூடம் போன என் வயசுக்காரர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். 'சாமுராய்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்று ஆளுக்கொரு பெயர் போட்டிருக்கும். பர்மா பஜாரில் வாங்கின சிலதில் பெயரே இருக்காது. கேசட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சடித்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதே மாரியோவும் அதே காண்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும்! இருந்தாலும் இப்போதைய குழந்தைகளும் அதை விட மாட்டேன் என்கிறார்கள். செல்போனைப் பிடுங்கி வைக்க இது ஒரு சாக்கு என்பதால் நானும் தடை சொல்வதில்லை.

பெட்டி என்னவோ முப்பது வருஷம் ஆனாலும் கிண்ணென்று இருக்கும். பாழாய்ப் போவது கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்தான். அதிலும் குதிப்பதற்கும் சுடுவதற்கும் உள்ள இரண்டு பட்டன்கள்தான் முதலில் போகும். "அம்மா, எவ்வளவு அழுத்தினாலும் ஜம்ப் ஆக மாட்டேங்குது" என்று புகார் வரும். உடனே வீட்டில் பெரியவர்கள், "இதெல்லாம் ஓல்டாயிடுச்சு, போட்டுட்டு வேற வாங்கு" என்பார்கள். அவசரப்படாதீர்கள் சகோதரிகளே! பத்துக்கு எட்டு தடவை அந்த பட்டன் கெட்டே போயிருக்காது. அதன் அடியில் அழுக்குதான் சேர்ந்திருக்கும், அல்லது அங்கே இருக்கும் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கும். இரண்டையும் நம் சாப்பாட்டு மேஜையிலேயே சரி செய்துவிடலாம்.

சரி செய்யாமல் விட்டால் என்ன என்று கேட்கிறீர்களா? பட்டன் கேட்காவிட்டால் குழந்தை கூடுதலாக அழுத்தும். கட்டை விரலை வளைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் அழுத்தும். 1990-ல் அமெரிக்காவின் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகையான 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் ஒரு டாக்டர் கடிதம் எழுதியிருந்தார். இடைவிடாமல் ஐந்து மணி நேரம் நின்டெண்டோ விளையாடியதால் கட்டை விரலில் கடும் வலி வந்தது என்பது விஷயம். அந்த வலிக்கு 'நின்டெண்டினிட்டிஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார். வலி வந்தது ஒரு பையனுக்கு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 35 வயதுப் பெண்மணிக்கு!

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கியே கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் உள்ள தசைநார் உறையில் வீக்கம் வருவது உண்டு. கட்டை விரலை உள்ளே மடக்கி மூடிய கையைச் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்தால் சுரீர் என்று வலிக்கும். அப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது ஆறும்வரை உங்கள் வீட்டுப் பையனோடு போட்டிக்கு உட்கார வேண்டாம்.

இனி ஜாய்ஸ்டிக்குக்கு வருவோம். வெளியே தெரியும் பிளாஸ்டிக் பட்டனுக்குக் கீழே குட்டிக் குடை மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அமுக்கினதைத் திரும்ப மேலே தள்ளுவது அதுதான். அந்தக் குடைக்குள் பொட்டு மாதிரி கறுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும். அது கரி கலந்த ரப்பர், அதில் மின்சாரம் பாயும். அதற்கு நேர் கீழே உள்ள பலகையில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது மாதிரி கோடுகள் இருக்கும். அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாது. நாம் அமுக்கும்போது கறுப்புப் பொட்டு வந்து உட்கார்ந்து இரண்டையும் இணைக்கும், மாரியோ குதிப்பான். அவ்வளவுதான் ரகசியம்! டி.வி. ரிமோட்டுக்குள் இருப்பதும் இதேதான். அதனால் இதைக் கற்றுக்கொண்டால் சத்தம் கூட்டுகிற பட்டன் வேலை செய்யாத ரிமோட்டையும் உங்கள் கையாலேயே சரி பண்ணலாம்.

நம்ம மெட்ராஸ் சமாசாரம் தெரிந்ததே. மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடல் காற்றின் ஈரம், கை வியர்வை, முறுக்கு சாப்பிட்ட கையோடு விளையாட்டு! எல்லாம் சேர்ந்து பட்டன் ஓரமாக உள்ளே இறங்கி, பொட்டின் மேல் பிசுக்காகப் படிந்துவிடுகிறது.

முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். பின்பக்கம் உள்ள ஸ்க்ரூக்களைச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, எவர்சில்வர் தட்டில் போடுங்கள். உருண்டால் சத்தம் கேட்கும், தொலையாது. மூடியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தப் பள்ளத்தில் வளைந்து போகிறது என்பது மாட்டும்போது சத்தியமாக மறந்து போகும்.

ரப்பரையும் பிளாஸ்டிக் பட்டன்களையும் எடுத்து, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை அலசி, ஃபேன் காற்றில் ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் ரப்பர் கெட்டிப்படும். பட்டன் நுழையும் ஓட்டைகளின் விளிம்பில்தான் அழுக்கு மண்டிக் கிடக்கும். ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றித் துடைத்தால் வரும் அழுக்கைப் பார்த்து நீங்களே மூக்கைப் பிடிப்பீர்கள்.

பலகையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதைப் பஞ்சில் தொட்டு அந்தச் சீப்புக் கோடுகளின் மேல் பூப்போல இரண்டு தடவை இழுத்தால் போதும். பாத்திரம் மாதிரி தேய்த்தீர்களோ, கோடுகளின் மேல் உள்ள கரிப் பூச்சு பஞ்சோடு வந்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் கூடாது. பட்டன் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் மின்சாரம் போகாது.

சுத்தம் செய்தும் ஒரு பட்டன் முரண்டு பிடிக்கிறதா? நன்றாக வேலை செய்யும் வேறொரு பட்டனின் ரப்பரை எடுத்து, கேட்காத இடத்தின் மேல் விரலால் வைத்து அமுக்கிப் பாருங்கள். இப்போது வேலை செய்தால் பலகையில் கோளாறு இல்லை, கறுப்புப் பொட்டுதான் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால் பொட்டின் மேல் இரண்டு முனையையும் வைத்துப் பார்க்கலாம். சில நூறு ஓமுக்குள் காட்டினால் நல்ல பொட்டு, ஆயிரக்கணக்கில் ஏறினால் ஓய்ந்த பொட்டு.

ஓய்ந்த பொட்டுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். 6பி மாதிரி மெதுவான டிராயிங் பென்சிலை அதன் மேல் தேய்ப்பது ஒன்று. பென்சில் கரியிலும் மின்சாரம் பாயும் என்பதால் உடனே வேலை செய்யும். ஆனால் கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். லீவு முடியும்வரை ஓட்ட அது போதும்! அலுமினியத் தாளை வெட்டி ஒட்டுவது இன்னொன்று. எனக்கு அது பிடிக்கவில்லை. தாள் கசங்கும், அதன் ஓரம் பலகையிலுள்ள பூச்சையும் சுரண்டும்.

எனக்குப் பிடித்தது வேறு. எந்த வீட்டு டிராயரைத் திறந்தாலும் டி.வி. போய் ரிமோட் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். அதற்குள் முப்பது, நாற்பது நல்ல பொட்டுகள் சும்மா தூங்குகின்றன. அதிகம் அமுக்காத பட்டனின் பொட்டாகப் பார்த்து, பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுங்கள். பழைய பொட்டின் மேல் சிலிக்கான் பசையை ஊசி முனையளவு வைத்து இதை ஒட்டுங்கள். பசை மேல் பக்கம் வழியக் கூடாது. ரொம்பத் தடிமனாக இருந்தால் பட்டன் எப்போதும் அமுங்கினபடியே இருக்கும், மாரியோ நிற்காமல் குதித்துக்கொண்டே இருப்பான். ஃபெவிக்விக் மாதிரி பசை காய்ந்தால் விறைத்துப்போய் ரப்பர் வெடிக்கும், அதனால் அது வேண்டாம்.

ரப்பர் குடையே கிழிந்திருந்தால் புதுசுதான். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே போகும் ரிச்சி தெருவில் விசாரியுங்கள், ஆன்லைனிலும் செட்டாக வருகிறது. பழசைச் சாம்பிளுக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும். தி.நகரில் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் பார்ப்போமே, அதே கண்தான்! ஓட்டைகளின் இடம், குடையின் உயரம், பொட்டின் அகலம் மூன்றும் ஒத்துப் போக வேண்டும். பிஎஸ்-2 ஜாய்ஸ்டிக்கில் மட்டும் ரப்பருக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போல ஒரு பிலிம் இருக்கும். அதை மடித்துவிட்டால் உள்ளிருக்கும் கோடு அறுந்துவிடும். அதைத் திறக்கும்போது நிதானம் தேவை.

பட்டன் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. நாம் விளையாடின பெட்டிகளுக்கெல்லாம் மூலம், ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம். முதலில் வந்த பெட்டிகளில் அந்த இரண்டு பட்டன்களும் சதுரமாக, மெத்தென்ற ரப்பரில் இருந்தன. அமுக்கினால் அதன் மூலை உள்ளே சிக்கிக்கொண்டது. அப்புறம் வட்டமான கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். நம் கைக்கு வந்ததும் அந்த வட்டம்தான். ஃபேமிகாமை ரிப்பேருக்கு எடுத்துக்கொள்வதை அந்தக் கம்பெனியே 2007-ல் நிறுத்திவிட்டது. இனி அவரவர் கையே அவரவர்க்கு உதவி.

ஒரு பட்டன் அல்ல, எல்லாமே ஒரேயடியாகச் செத்துப் போயிருந்தால் கோளாறு ஒயரில். ஜாய்ஸ்டிக்கின் கழுத்தருகே ஒயரை வளைத்துப் பிடித்தால் உயிர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. சால்டரிங் பழகாதவர்கள் அதைத் தெருக்கோடி ரேடியோ, டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி பற்ற வைத்துத் தருவார்.

இதெல்லாம் தவழும் குழந்தை தூங்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். ஸ்க்ரூவும் பட்டனும் நேரே வாய்க்குத்தான் போகும். சில புது மாதிரி ரிமோட்டுகளில் காசு போன்ற பட்டன் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால்கூடப் போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை இறுக்கித் திருகாதீர்கள். பழைய பிளாஸ்டிக், மரை போய்விடும். விளையாடி முடித்ததும் ஒயரை ஜாய்ஸ்டிக் மேலேயே வரிந்து சுற்றாமல், பெரிய வளையமாக மடித்துத் துணிப் பையில் போட்டு வையுங்கள். முறுக்கு டப்பாவை மட்டும் கேம் முடிந்த பிறகு திறங்கள்!