6 பேரைக் காத்த பம்ப் ஸ்டவ்!

மண்எண்ணெய் ஊற்றி, காற்று அடித்து எரிக்கும் பம்ப் ஸ்டவ் நம் வீடுகளில் காப்பி போட்டது. நடுக்கடலில் அது 6 உயிர்களையும் காத்தது!

1915-ல் பிரிட்டிஷ் பயணி ஷாக்கிள்டனின் கப்பல், தென் துருவக் கடலில் பனிக்கட்டியில் சிக்கி நொறுங்கியது. 28 பேர் எலிபெண்ட் தீவில் ஒதுங்கினார்கள். உதவி தேடி, 1916 ஏப்ரல் 24-ல் ஷாக்கிள்டன் உள்பட 6 பேர் சிறு படகில் புறப்பட்டார்கள். நீளம் சுமார் 22 அடிதான். போகவேண்டியதோ சுமார் 1,300 கிலோ மீட்டர். மண்ணச்சநல்லூரில் இருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய் வரும் தூரம்!

படகில் 2 ஸ்டவ், உதிரிப் பாகங்கள், பர்னர் குத்தும் ஊசிகள் இருந்தன.

கால்தான் மேடை

எலும்பை நடுக்கும் குளிர். படகோ ஓயாமல் ஆடியது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஸ்டவ்வைக் கால்களால் இடுக்கிக்கொண்டார்கள். பெரிய அலை வந்தால் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். சூடான உணவும் பாலும் அவர்களுக்குத் தெம்பு தந்தன.

மே 10-ல் தெற்கு ஜார்ஜியா தீவில் கரை ஏறினார்கள். ஆகஸ்டு 30-ல் மற்ற 22 பேரும் மீட்கப்பட்டார்கள்.

ஊசி சிறியதுதான். ஆனால் பர்னர் அடைத்தால் அதுதான் கதி! ஸ்டவ் வைத்திருப்போர் ஊசியைக் கைவசம் வைக்கவேண்டும். எரியும்போது எண்ணெய் ஊற்றவே கூடாது. அணைத்து, காற்றை இறக்கி, ஆறிய பிறகே ஊற்றவேண்டும்.