விளையாட்டுக் களமும் பெற்றோர் கடமையும்

தைப்பொங்கல் கழிந்ததும் வட, கிழக்கு மாகாணப் பாடசாலைகள் பலவற்றில் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். மைதானத்திலே சுண்ணாம்புக் கோடுகள் இடப்படும். ஒவ்வோர் இல்லமும் தன் நிறத்துக் கொடியை உயர்த்தும். மரதன் ஓட்டம் ஊர் வீதிகளை வலம்வரும். களத்திலே பிள்ளைக்கு வழிகாட்ட ஆசிரியர் இருக்கிறார். ஆயினும், பிள்ளை களத்துக்கு எந்த உடலோடும் எந்த மனத்தோடும் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது வீடேயாகும்.

பெற்றோருள் ஒரு சாரார் விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சத்துக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடையுண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டார். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. அவரே பின்னர் அமெரிக்காவிற் கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பிள்ளைகள் யாவரும் அவரைப்போல் ஆகிவிடுவர் என்பதன்று. களமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே இதனாற் பெறப்படுவது.

மற்றொரு சாரார் பிள்ளையின் வெற்றியைக் குடும்பத்தின் மானமாகக் கருதுகின்றனர். இவர்களது பிள்ளை, தனக்கு இயலாதபோதும் இயலுமென்றே கூறப் பழகிவிடுகிறது. காய்ச்சலையும் கால்நோவையும் மறைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆபத்துத் தொடங்கும் இடம் இதுவே.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். நாடு முழுவதையும் வருத்திய அந்நிகழ்ச்சி, நெடுந்தூர ஓட்டத்தை வேடிக்கையாகக் கொள்ளலாகாது என்பதை உணர்த்திற்று. போட்டிகள் நிகழும் மாதங்கள் வெயில் ஏறிவரும் மாதங்களாகும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாகாது; உடற்சூடும் தணியாது. இத்தகைய வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் வேண்டும். பயிற்சியே இல்லாத பிள்ளை, போட்டியன்று மட்டும் சில கிலோமீற்றர் ஓடுவது தகாது. நெடுந்தூர ஓட்டங்களை விடியற்காலையில் நடத்துமாறும், வழியெங்கும் குடிநீரும் முதலுதவியாளரும் இருக்குமாறும் பாடசாலையைக் கேட்பது பெற்றோரின் உரிமையாகும்.

ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ, வாந்தியெடுத்தாலோ, தடுமாறிப் பேசினாலோ ஓட்டத்தை உடனே நிறுத்தவேண்டும். நிழலிற் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறவேண்டும். உணர்விழந்த பிள்ளையின் வாயில் நீர் வார்த்தலாகாது. அது மூச்சுக்குழலிற் புகுந்துவிடக்கூடும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். அது வரும்வரையிற் குளிர்வித்தலை நிறுத்தலாகாது.

காய்ச்சலுற்ற பிள்ளை களத்தில் இறங்கவே கூடாது. சில வைரசுக் காய்ச்சல்கள் இதயத்தின் தசையையும் தாக்குவனவாதலால், காய்ச்சல் தணிந்தபின்னரும் சில நாள் ஓய்வு வேண்டும். ஓடும்போது முன்னர் மயங்கி விழுந்த பிள்ளையையும், நெஞ்சு நோவதாகக் கூறும் பிள்ளையையும், இளவயதிலே திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்துப் பிள்ளையையும் வைத்தியரிடம் காட்டிய பின்னரே போட்டிக்கு அனுப்பவேண்டும்.

வளரும் எலும்பின் நுனிகள் முற்ற இறுகாதவை. ஒரே பயிற்சியை ஓயாது செய்தால் அவை நோவெடுக்கும். வாரத்துப் பயிற்சி மணித்தியாலங்கள் பிள்ளையின் வயதெண்ணைத் தாண்டாதிருத்தல் நல்லதென வைத்திய வல்லுநர் கூறுவர். 12 வயதுப் பிள்ளைக்கு 12 மணித்தியாலங்களே எல்லையாகும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு தேவை. 13 வயது முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு இரவில் 8 முதல் 10 மணித்தியால உறக்கம் இன்றியமையாதது.

வெறும் வயிற்றோடு மைதானத்துக்குச் செல்வது பலரது வழக்கமாகிவிட்டது. ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் இடியப்பமோ புட்டோ வாழைப்பழமோ உண்ணலாம். விலையுயர்ந்த பானங்கள் வேண்டியதில்லை. தாகத்துக்குத் தண்ணீரே போதும். பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவதுண்டு. மீனும் கீரையும் பயறும் அக்குறையை ஈடுசெய்ய உதவும். பெரியவளாகிவிட்டாள் என்னும் ஒரே காரணத்துக்காக மகளை மைதானத்திலிருந்து மறிப்பது அநீதியாகும். யாழ்ப்பாண மாவட்டத்திற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் பெருந்தூணாய் விளங்கினார்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், “எத்தனையாம் இடம்?” என்பதே பல வீடுகளில் முதற் கேள்வியாகிறது. இடம் பெறாத பிள்ளை அக்கேள்விக்கு அஞ்சியே வாசலில் தயங்கி நிற்கும். முதலில் அதற்கு உணவு கொடுக்கட்டும், களைப்பை விசாரிக்கட்டும், போட்டியின் கதையைப் பிள்ளையே சொல்லட்டும். நடுவரைக் குறைகூறுவதும், அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம்.

“அம்மா, இன்றைக்கு எனக்கு ஏலாது” என்று பிள்ளை கூசாமற் சொல்லவும், அச்சொல்லை வீட்டார் நம்பவும் வேண்டும். மேற்கூறிய பாதுகாப்புகள் யாவும் இந்த நம்பிக்கையின் மேலேயே நிற்கின்றன. அத்தகைய வீட்டிலிருந்து வரும் பிள்ளை, இயன்ற நாளிலே முழு மனத்தோடு ஓடும்.