பிஸ்டன் இறுகும் இடம்

2004 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு மினிகார் கிளப்பின் தார்த் தளத்தில் என் முதல் நைட்ரோ காரை வாங்கினேன்; நைட்ரோமீத்தேன் கலந்த மெத்தனாலில் ஓடும், ரேடியோவால் இயக்கும் சின்னக் கார். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, 200 மில்லிமீட்டர் அகலம், 2.1 சிசி எஞ்சின், 75 மில்லி டேங்க். விற்றவர் எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய மூத்தவர். கேட்ட விலை 220 யூரோ. நான் பேரம் பேச வாயெடுப்பதற்குள் ஸ்பானரை என் கையில் வைத்தார். "முதலில் க்ளோ பிளக்கைக் கழற்றுங்கள். ஃப்ளைவீலை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

சுற்றினேன். வழுக்கிக்கொண்டு வந்த சக்கரம், பிஸ்டன் உச்சிக்கு ஏறிய இடத்தில் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் விடுபட்டது. அவர் தலையசைத்தார்.

இந்த எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ், மேலே போகப் போகக் குறுகும்படி கடையப்பட்டிருக்கும். அலுமினியப் பிஸ்டன் உச்சியில் போய்ச் சிக்கும் அந்த இறுக்கத்தில்தான் கம்ப்ரஷன் இருக்கிறது. ஓடிச் சூடேறும்போது ஸ்லீவ் விரிந்து அளவு சரியாகிவிடும். குளிர்ந்திருக்கும்போதே சிக்காமல் வழுக்கினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்டதும் காலையில் ஸ்டார்ட் ஆகும்; நாலு சுற்று ஓடும்; சூடானதும் நின்றுவிடும், பிறகு எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எழாது. பழைய நைட்ரோ கார் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். உடைந்த பம்பரும் கீறல் விழுந்த பாடியும் கண்ணுக்குத் தெரியும், ஆகவே அவை ஆபத்தில்லை.

பிறகு ஓட்டிக் காட்டினார். ஒன்றரை வோல்ட் செல் வைத்த பிடியைப் பிளக்கில் மாட்டி, கயிற்றை இரண்டு முறை இழுத்தார். எஞ்சின் கத்தியது. பிடியைக் கழற்றிய பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. இதில் தீப்பொறி என்று எதுவும் இல்லை. மெத்தனால் ஆவி படும் பிளாட்டினச் சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947இல் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு சின்ன எஞ்சின் பேட்டரியும் காயிலும் சுமக்காமல் ஓடுவது அதனால்தான். நீலப் புகையில் விளக்கெண்ணெய் தீய்ந்த வாடை. எரிபொருளில் மசகுக்காகக் கலப்பது அதே ஆமணக்கு எண்ணெய்தான் என்று தெரிந்தபோது, அந்த ஊரில் முதல்முறையாக எனக்குப் பழகிய ஒரு வாசனை கிடைத்தது.

ஒரு டேங்க் தீர்ந்ததும் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மூன்று நான்கு நொடி குமிழியிட்டு ஆவியானது. "விட்டவுடனே சீறிப் பறந்தால் லீன், எரிபொருள் போதவில்லை. அப்போது இந்த ஊசியை ஒரு துளி திறந்துவிடுங்கள்" என்று கார்புரேட்டரைக் காட்டினார். காரோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வந்தது. எத்தனை டேங்க் ஓடியது, பெரிய ஊசி எத்தனை சுற்றுத் திறந்திருந்தது, பேரிங் எப்போது மாற்றியது, எல்லாம் பென்சிலில். 40 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு மூன்று ஜோடி கிரிஸ்டல். இரண்டு பேர் ஒரே சேனலில் ஸ்விட்ச் போட்டால் ஒருவர் கார் சுவரில் மோதும் என்பதால், எந்த எண் யாரிடம் என்று கிளப் பலகையில் கிளிப் மாட்டிவிட்டுத்தான் ஓட்டுவோம்.

இரண்டாவது காரை 2023இல் வாங்கினேன். பழம்பொருள் சந்தையில், வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. கிட்டத்தட்ட அதே வகை, அதே அளவு. விலை 50 யூரோ. விற்ற இளைஞர் அன்பானவர். ஆனால் கார் அவருடைய மாமாவுடையது. ஓடுமா என்று அவருக்குத் தெரியாது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. "ஸ்டக் ஆகிவிட்டது, அதனால்தான் இந்த விலை" என்றார்.

இடையில் நடந்தது இதுதான். பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்து, மின்சாரக் கார்கள் வேகத்தில் நைட்ரோவை எட்டிப் பிடித்தன. சத்தமில்லை, புகையில்லை, ஊசி திருகத் தேவையில்லை. ஞாயிறு ஓய்வையும் மதிய அமைதியையும் உயிராக மதிக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. புதிதாக வந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், அது நியாயமானதும்கூட. நைட்ரோ கார்கள் பரணுக்கும் நிலவறைக்கும் போயின. ஜெர்மன் மினிகார் கிளப்பில் அவற்றுக்கான போட்டிப் பிரிவு இருக்கிறது. ஆனால் பழைய கார் இன்று அந்தத் தளத்தில் கைமாறுவது குறைந்துவிட்டது. விலை இறங்கியதைவிட, காரோடு ஆளும் வராததுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஸ்டக் ஆனது என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. ஆறிய விளக்கெண்ணெய் வருடக்கணக்கில் கிடந்தால் வார்னிஷ்போல இறுகிவிடும். கயிற்றைப் பலமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், கயிறும் அறும். பிளக்கைக் கழற்றி, துளைக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் பத்து நிமிடம் சூடேற்றினேன். பிறகு ஃப்ளைவீலைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். மூன்றாவது முறை சூடேற்றியபோது நகர்ந்தது.

அடுத்து பேரிங். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்காவிட்டால் கிராங்கின் பின்பக்கப் பேரிங் துருப்பிடிக்கும். என் விரலுக்கு மணல் அரைவதுபோலத் தெரிந்தது. இங்கே இந்தக் காலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். காரின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து சொன்னால் பேரிங் தபாலில் வந்துவிடும். அடிக்கடி போகிற கிளட்ச் பெல் பேரிங் பல கார்களில் 5, 10, 4 மில்லிமீட்டர்தான். ஆனால் பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடி அப்படிக் கிடைக்காது. தயாரிப்பு நின்ற எஞ்சினுக்கு அது போனால் போனதுதான். ஆகவே இப்போது யாராவது கேட்டால், முதலில் ஸ்பேர் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள், பிறகு காரைத் தேடுங்கள் என்கிறேன். கெட்டியாகிப்போன சிலிக்கான் குழாய், டேங்க் மூடியின் ஓ-ரிங் இரண்டையும் பார்க்காமலே மாற்றிவிடுவது நல்லது. அங்கே காற்று நுழைந்தால் எந்த ஊசியைத் திருகியும் எஞ்சின் சீராகாது.

பெட்டியில் பாதி நிரம்பிய எரிபொருள் கேனும் இருந்தது, 25 விழுக்காடு நைட்ரோ. அதை நான் தொடவில்லை. நைட்ரோமீத்தேன் வெடிபொருள் செய்யப் பயன்படக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி 1 முதல் பொதுமக்களுக்கு எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் தடை விதித்திருக்கிறது. வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். எடை என்பதைக் கவனிக்க வேண்டும். நைட்ரோமீத்தேன் மெத்தனாலைவிடக் கனமானது. எடையில் 16 என்பது அளவில் சுமார் 12தான். அன்று 25 ஊற்றிய எஞ்சினுக்கு இது பாதி. நைட்ரோமீத்தேன் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டுவரும் திரவம்; அது குறைந்தால் வலுவும் குறையும். தலைக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்துக் கம்ப்ரஷனைக் கூட்டி, ஒரு படி சூடான பிளக் போட்டு, பெரிய ஊசியைச் சற்று மூடினேன். பழைய உறுமல் முழுதும் திரும்பவில்லை. ஆனால் நிதானமாக ஓடுகிறது; ஒரு டேங்கில் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கூடுதலாகவே போகிறது.

தண்ணீர்ச் சொட்டுக்குப் பதில் இன்று அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது, 110 டிகிரி என்று காட்டுகிறது. கிரிஸ்டல் பலகையும் இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் ஒன்றையொன்று இடறுவதில்லை. சிக்னல் அறுந்தால் பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப், அன்று தனியாக வாங்கி மாட்டியது, இப்போது ரிசீவரிலேயே வருகிறது. முழு வேகத்தில் கட்டுப்பாடிழந்த காரின் முன்னால் ஒரு குழந்தை நின்றதை ஒருமுறை பார்த்தவன் நான். இதற்காக மட்டுமே புதிய ரேடியோ வாங்கலாம்.

என் மகளுக்கு ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். புள்ளி கீழே இருந்தால் பிஸ்டனும் கீழே. ஓட்டி முடித்து அப்படி நிறுத்தி வைத்தால் ஆறும் ஸ்லீவ் உச்சியில் பிஸ்டனைக் கவ்வாது. பெட்டிக் கார் உச்சியில்தான் சிக்கியிருந்தது. பிளக்கைக் கழற்றி அவளைச் சுற்றச் சொன்னேன். "இங்கப்பா, இங்க டைட்டா இருக்கு" என்றாள்.

புது நோட்டின் முதல் வரியை அவளே எழுதினாள்: டேங்க் 1, பெரிய ஊசி இரண்டே கால் சுற்று, பின் பேரிங் புதுசு.