ஒரே பெயர், இரண்டு ஈயம்

தகர வாளியின் அடி ஒழுகினால் நாம் அதை உடனே எறிந்துவிடுவதில்லை. ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கொடுக்கிறோம். அந்த ஈயம் ஓர் உலோகமன்று. வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. தமிழில் அதற்குப் 'பற்றாசு' என்று பெயருண்டு. நாமோ இரண்டு உலோகத்தையும் பொதுவாக 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். மலாய் மொழியில் ஒன்று 'தீமா', மற்றது 'தீமா ஹித்தாம்'. இந்த வேறுபாட்டை நாமும் மனத்தில் வைக்கவேண்டும்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்தார்களே, அது வெள்ளீயம். 232 பாகை வெப்பத்தில் உருகும். காரீயம் உருக 327 பாகை வேண்டும். இரண்டையும் கலந்தால் உருகும் வெப்பம் நடுவில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகிவிடுகிறது. சூடு தணிந்ததும் சட்டென்று இறுகியும் விடுகிறது. ஆகவே வானொலிப் பெட்டியின் மெல்லிய கம்பிகளை இணைக்க அது ஏற்றது. சரிபாதி கலந்தாலோ, இறுகுமுன் சற்று நேரம் களிபோல் குழைந்திருக்கும். தகரப் பட்டறையில் இடுக்கை நிரப்ப அதுவே தோது.

பற்றவைக்குமுன் துருவையும் அழுக்கையும் நீக்கவேண்டும். தகரத்துக்கு நவச்சாரம் உதவும். மின்கம்பிக்குப் பைன் மரத்துப் பிசின்தான். நவச்சாரம் கம்பியை அரித்துவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். காரீயம் நஞ்சு. சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்து, சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலால் ரப்பர்ப் பால் வாளிக்கு வைக்கும் பற்றைத் தண்ணீர்க் குடத்துக்கோ குழம்புச் சட்டிக்கோ வைக்கலாகாது. புளிக்குழம்பு காரீயத்தைக் கரைத்தெடுக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டிலேயே குடிநீர்க் குழாய்களுக்குக் காரீயப் பற்றைத் தடை செய்தார்கள். ஐரோப்பாவில் 2006 முதல் பெரும்பாலான மின்கருவிகளிலும் அதற்குத் தடை வந்தது. வெள்ளீயத்தோடு நூற்றுக்கு 3 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் சேர்த்த கலவை அதன் இடத்துக்கு வந்தது. விலை அதிகம், உருகச் சூடும் சற்றுக் கூடுதல்.

பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசச் சுத்த வெள்ளீயமே வேண்டும். பூசக் கொடுக்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பூசியபின் இரண்டும் பளபளக்கும். கண்ணால் பிரித்தறிவது கடினம். கடையில் பற்றுக்கம்பி வாங்கும்போது சுருளின்மேல் அச்சிட்டிருக்கும் பங்கு அளவைப் படிக்கவேண்டும். பற்றவைத்தவர் சோற்றில் கைவைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவவும் வேண்டும்.