பின் சக்கரத்துத் துரு

திருமலையிலிருந்து இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1944-ல் திறந்த பழைய பாதை அது. 1974-ல் இரண்டாவது பாதை வந்தபின் ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்குப் பழையது என்று பிரித்துவிட்டார்கள். மேலே நேரம் குறித்துச் சீட்டு தருவார்கள். 40 நிமிடத்துக்கு முன்னால் கீழே வந்து நின்றால் அபராதம். அத்தனை நேரமும் வண்டியின் எடை பிரேக்கின் தலையில்தான்.

பாலசமுத்திரம், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கார்வேட்நகரம், புத்தூர் வழியாக மலைக்குப் போகிறவர்களில் பழைய மாருதி 800-ஐ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. கல்யாணம், கோயில் என்றால் எடுப்பார்கள். மற்ற நாளில் வேப்பமரத்தடியில் நிற்கும். துருவுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

அது பின் சக்கரத்தையே முதலில் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் அடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்துவிடுகின்றன. முன்னால் இருக்கும் டிஸ்க்கில் துரு படிந்தாலும் நாலு தடவை பிரேக் அடித்தால் தேய்ந்து போய்விடும். பின்னால் இருப்பதோ மூடிய டிரம். உள்ளே போன ஈரமும் லைனிங் தூளும் அங்கேயே கிடக்கும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் ஓடியதுபோல வெள்ளம் சக்கரம் வரை ஏறிவிட்டால், வண்டியை வெளியே கழுவிவிட்டால் மட்டும் போதாது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

அடையாளங்கள் எளியவை. காலையில் நகராமல் அடம்பிடித்து, ‘டக்’கென்று விடுபடும். ஹேண்ட் பிரேக்கை மேலே வரை இழுத்தாலும் பிடிக்காது. கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கும்.

துருப்பிடித்த டிரம்மைக் கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஹப்பைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பல வண்டிகளில் டிரம்மின் முகத்திலேயே மரையுள்ள இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் போல்ட் போட்டு, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். ஓரத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். உள்ளே இருக்கும் தூளை ஏர் வைத்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்து, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதன் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஆயில் வழிந்தால் வாஷர் போய்விட்டது. உப்புத்தாளால் தேய்த்து, புது வாஷர் போட்டு ஒப்பேற்றும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. உட்சுவரில் துரு குழி பறித்திருந்தால் புது வாஷரும் சீக்கிரமே கிழியும். முழு சிலிண்டரையும் மாற்றுவதே சரி. ஆயிலில் ஊறிய ஷூவையும் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் பாகங்கள் செய்யும், 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா கம்பெனி சென்னை பாடியில் இருக்கிறது. புது பாகம் கிடைப்பது இந்தப் பக்கத்தில் பெரும்பாடில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்கலாம், பழைய பிரேக் சிலிண்டர் வாங்கக் கூடாது.

சிலிண்டரை உள்ளிருந்து அரிப்பது பிரேக் ஆயில் இழுத்துக்கொண்ட தண்ணீர். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுவது அந்த ஆயிலின் குணம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரை வரை போய்விடும். வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வேலை முடிந்ததும் பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுக்க வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்குவார்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளச் சாலையில். மலையில் இறங்கும்போது இரண்டாம் கியர். மழைநாளில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.