குறுஞ்செய்திச் சுருக்கங்களின் பொருண்மை: விரிவும் வழக்கும்

முன்னுரை

குறுஞ்செய்திகளில் வழங்கும் ஆங்கிலச் சுருக்கங்களுக்குப் பொருள் கூறுவோர் பெரும்பாலும் அவற்றின் விரிவை எழுதி அமைகின்றனர். விரிவை அறிதலே பொருளை அறிதலாகுமா என்னும் வினாவை முன்வைத்து, இச்சுருக்கங்கள் பொருளுணர்த்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சுருக்கத்தின் பின்புலம்

முதற் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் கணினியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்பப்பெற்றது. ஒரு செய்திக்குரிய இடம் 140 பைட்டுகள். ஓர் எழுத்துக்கு 7 பிட்டு என்னும் குறியேற்றத்தில் அதனுள் 160 எழுத்துகள் அடங்கும். இவ்வரம்பும், ஒரே பொத்தானைப் பலமுறை அழுத்தி ஓர் எழுத்தைப் பெறவேண்டிய நிலையும் சுருக்கங்களைப் பெருக்கின. ஆயினும் சுருக்கம் கைப்பேசியோடு தோன்றியதன்று. வியப்பைக் குறிக்கும் 'ஓ.எம்.ஜி.' என்பது, 1917இல் கடற்படைத் தளபதியாயிருந்த ஜான் ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய மடலிலேயே காணப்படுகிறது.

வடிவ வகைகள்

வடிவ அடிப்படையில் இவற்றுள் மூன்று வகைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை.

1. முதலெழுத்துச் சுருக்கம்: தொடரிலுள்ள சொற்களின் முதலெழுத்துகள் மட்டும் நிற்பது. 'ஏ.எஸ்.ஏ.பி.' என்பது 'இயன்ற விரைவில்' எனப் பொருள்படும்.

2. ஒலியீடு: எழுத்தின் அல்லது எண்ணின் பெயரொலி சொல்லின் ஒலிக்கு ஈடாக நிற்பது. 'பி4' என்பது 'பிஃபோர்' என ஒலித்து 'முன்னர்' எனப் பொருள் தரும்.

3. உயிர்நீக்கம்: உயிரெழுத்துகள் விடுபட மெய்கள் மட்டும் நிற்பது. 'பிளீஸ்' என்னும் சொல் 'பி.எல்.எஸ்.' என எழுதப்படுவது இதற்குச் சான்று.

பொருள் நிலைபெறும் இடம்

வடிவத்தை விளக்கும் இப்பகுப்பு பொருளை முழுதும் விளக்குவதில்லை. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்ற 'எல்.ஓ.எல்.' என்பதன் பெருவழக்கான விரிவு 'வாய்விட்டுச் சிரித்தல்'. 'நிறைந்த அன்பு' என்னும் விரிவும் அதற்குண்டு. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரன் தமக்கு அனுப்பிய செய்திகளைச் சிலவேளை இச்சுருக்கத்தால் முடித்தார் என்றும், தாம் எடுத்துரைக்கும்வரை அதனை அன்பின் குறியாகவே அவர் கொண்டிருந்தார் என்றும் இதழாசிரியர் ரெபெக்கா புரூக்ஸ் 2012இல் லெவ்சன் விசாரணையில் சாட்சியம் அளித்தார். எழுத்து மூன்றும் ஒன்றே. பொருளை வேறாக்கியது வழங்கும் குழு.

நன்னூலார் தகுதி வழக்கினுள் வைத்த குழூஉக்குறி இங்கு நினைக்கத்தக்கது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்குவது அக்குழுவினர்க்கே விளங்குவதுபோல, சுருக்கமும் தனக்குரிய குழுவினுள் பொருள் பெறுகிறது.

அடுத்த நிலையில் விரிவே மங்குகிறது. மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2013இல் ஆற்றிய உரையில், 'எல்.ஓ.எல்.' நகைப்பைக் குறிக்காமல் ஒத்துணர்வைக் காட்டும் சொல்லாக மாறியுள்ளதை எடுத்துக்காட்டினார். 'தாமதமாகிவிட்டது' என்னும் செய்தியின் இறுதியில் அது வரும்போது எவரும் சிரிப்பதில்லை. கூற்றின் கடுமை தணிகிறது. தனித்து நின்று பொருள் தராமல், சார்ந்த சொல்லின்வழிக் குறிப்புணர்த்தும் இடைச்சொல்லின் இயல்பை இது ஒத்துள்ளது.

முடிவுரை

சுருக்கத்தின் விரிவு அதன் பிறப்பைக் கூறும். அதன் பொருளை வழங்கும் குழுவும் வரும் இடமும் உறுதிசெய்யும். எனவே குறுஞ்செய்திகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் விரிவு, வழங்கும் குழு, தொடரில் ஆற்றும் பணி ஆகிய மூன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். விரிவு ஒன்றையே கொள்வோர், அன்போடு எழுதப்பட்ட இரங்கற் செய்தியில் ஏளனத்தைக் காண நேரிடும்.